காக்கு வீட்டு டோப்பு

போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஏழபாழைகளுக்குக் கம்பளி குடுத்தாவ. கிறிஸ்மஸ் வருதுல்லா, வருசாவருசம் உள்ளதுதான். வாங்குறவியள வரிசையா நிக்க வச்சு, குடுக்குற கையும் வாங்குற கையும் சேந்து தெரியுறாப்ல போன்ல படம் புடிச்சாவ. ஒரு கிழவர் மொகத்த அந்தப் பக்கம் வச்சுக்கிட்டாரு. "பாபா, இங்க பாருங்க"ன்னு சொல்லித் திருப்பி வச்சாவ. நல்ல காரியந்தான், நான் கொற சொல்லல. பூனாக் குளுருக்குக் கம்பளி இல்லாம முடியுமா? ஆனா அதப் பாத்ததுல எனக்கு எங்க காக்கு ஞாவகம் வந்துட்டு.

காக்குன்னா மராட்டியில சித்தின்னு வச்சுக்கிடுங்க. நான் சின்னப் பையனா இருக்கையில, ஏரவாடாவுல தகரக் கூர போட்ட லைன் வீட்டுல எங்களுக்கு அடுத்த வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ள சுவரு கூர வரைக்கும் போவாது. மேல கொஞ்சம் தொறந்தே கெடக்கும். அவிய வீட்டுல யாராச்சும் தும்முனா எங்கம்மா இங்கருந்து 'கர்த்தரே'ம்பா. சாயங்காலம் காக்கு பாக்ரி, அதான் சோள ரொட்டி, தட்டுற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குப் பொழுது அடைஞ்ச மாதிரி.

எங்கப்பாவுக்கு மிலிட்டரி கேம்ப்ல தோட்ட வேல. கர்னல் வீட்டு ரோசாச் செடியெல்லாம் பெத்த பிள்ளைய மாதிரிப் பாப்பாரு. எங்களத்தான் பாக்க நேரம் இருக்காது. அது கெடக்கட்டும்.

அந்த வருசம் காக்கு வீட்டுக்காரருக்குக் கசார்வாடிப் பட்டறையில மிசின்ல கை மாட்டிக்கிட்டு. வேல போச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய வேற. கொஞ்சங்கொஞ்சமா அந்தத் தட்டுற சத்தம் கொறஞ்சுது. ஒரு நாள் கேக்கவே இல்ல. எங்கம்மா உடனே தட்டுல சோறும் சாம்பாரும் வச்சு எங்கிட்ட குடுத்து விட்டா. மறுநாள் தட்டு திரும்பி வருது, நெறையச் சீனியோட. பூனாவுல அப்படித்தான், அடுத்தவிய பாத்திரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டாவ. தீவாளிக்குத் தட்டு போவும், தட்டு வரும், ஒண்ணும் வெறுசா வராது.

அன்னைக்குச் சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவ அழுதா, சாயாவுல சீனி இல்லன்னு. எங்கம்மா அந்தச் சீனிய வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னா. திருப்பிக் குடுக்கவும் முடியாது, வாயில போடவும் முடியாது. "நாம குடுத்தா அவியளுக்குல்லா நட்டமாவுது"ன்னு அப்பாகிட்ட மெதுவாச் சொன்னா. அதோட தட்டு அனுப்புறத நிறுத்திட்டா.

கிறிஸ்மஸ் நெருங்கிட்டு. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துத் திரிச்சாச்சு. "ஏலே, காக்குட்ட போயி அவிய பெரிய டோப்ப வாங்கிட்டு வா. பாகு காய்ச்சணும்னு சொல்லு"ன்னா அம்மா. டோப்புன்னா அடி கனத்த பெரிய பாத்திரம். எங்க கட்டிலுக்கு அடியிலயே ஒண்ணு மினுமினுன்னு கெடக்கு, அப்பா புதுசா வாங்கியாந்தது.

"நம்மட்டயே இருக்கே?"

"சொன்னதச் செய்லே."

போயிக் கேட்டேன். காக்குவுக்கு எங்கம்மாகூடப் பேசிப்பேசிப் பாதித் தமிழ் வரும். ஒண்ணும் கேக்காம டோப்ப எடுத்துட்டாவ. நானும் வாங்கிட்டு வந்திருக்கலாம். புதுப் பாத்திரம் வாங்குன பெரும விடுமா? "எங்க வீட்டுல இதவிடப் பெருசு இருக்கு காக்கு, புத்தம் புதுசு"ன்னுட்டேன்.

எங்க வீட்டுல மாவு சலிச்சுக்கிட்டிருந்த சத்தம் டக்குன்னு நின்னுட்டு. காக்கு கையில டோப்பு, கண்ணு சுவத்து மேல. மூலையில பிள்ளைய ரெண்டும் என்னையே பாக்குதுவ. காக்கு லேசுப்பட்ட ஆளு இல்ல. கொழாயடியில 'பாவம், அவள மொதல்ல புடிக்க விடுங்க'ன்னு எவளோ சொன்னதுக்கு, வெறுங்கொடத்தோட திரும்பி வந்தவிய. டோப்பு உள்ள போயிரும்னுதான் நெனச்சேன்.

"அரே பாளா!"ன்னாவ, அட பிள்ளேன்னு. ஊருக்கே கேக்குறாப்ல சத்தம். "புதுப் பாத்திரத்துல பாகு அடிபிடிக்கும்! பழசுதான் நல்லது. உங்கம்மாவுக்குத் தெரியாமலா அனுப்புனா? கொண்டு போ!"

அந்தப் பக்கத்துலருந்து எங்கம்மா, "ஆமா காக்கு, அதுக்குத்தான் அனுப்புனேன்"ன்னா. கொரலு தடுமன் புடிச்ச மாதிரி இருந்துச்சு. கையெட்டுற தூரத்துல நிக்குறவன்கிட்ட இந்த மனுசி எதுக்கு இப்படிக் கத்துதுன்னு எனக்கு எரிச்சல்.

மறுநா டோப்பு திரும்பிப் போச்சு. அடியில துணியில கட்டுன அரிசியும் பருப்பும் சீனியும், மேல முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. அவிய பாத்திரம் அவிய வீட்டுக்குப் போவுது. பதிலுக்குப் போட்டு அனுப்ப வேண்டிய தட்டுன்னு ஒண்ணு கெடையாது. இடுப்புல வச்சுத் தூக்க மாட்டாமத் தூக்கிட்டுப் போனேன். காக்கு ரெண்டு கையாலயும் வாங்கி, மூடியக்கூடத் தொறக்காம உள்ள வச்சாவ.

"பாகு அடிபிடிக்கலையே?"

"இல்ல காக்கு, ஜோரா வந்துச்சு."

என் கன்னத்தக் கிள்ளிட்டுச் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். பாவம் எங்கப்பா, வெவரம் தெரியாமப் போயிப் புதுப் பாத்திரத்த வாங்கி ஏமாந்துட்டாரேன்னு அவருக்காக வருத்தப்பட்டுக்கிட்டே வீட்டுக்கு நடந்தேன்.