மேல் தாழ்ப்பாள்

எல்ஸ்பெத் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. டன்பார் ஊர் மீன்காரர் லாக்லனின் மூன்றாவது மகள். அவளைக் கட்டிய டூகல்ட் கப்பல் கட்டும் துறையில் தச்சன். கிளாஸ்கோவில் ஒரு தச்சனுக்கு அப்பேர்ப்பட்ட வீடு எப்படி வந்தது என்றால், டூகல்டின் அத்தை யூஃபீமியா ஒரு சர்க்கரை வியாபாரிக்கு முப்பது வருஷம் சமைத்துப்போட்டவள். அந்த மனிதருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. சாகும்போது வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டுப் போனார். அத்தைக்கும் பிள்ளைகுட்டி இல்லை. அப்படிக் கை மாறியது.

பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை அது. புகை படிந்து கல்லெல்லாம் கரி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு படி, படிக்கு மேலே இரண்டு கதவு. வெளியே இருப்பது புயல் கதவு. ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு, இரட்டைப் பலகை. உள்ளே கண்ணாடிக் கதவு. நடுவில் பூப்போட்ட ஓடு பதித்த சின்ன இடைகழி. காலையில் புயல் கதவை இரண்டு பக்கமும் மடக்கி வைத்தால் வீட்டில் ஆள் இருக்கிறது, வரலாம். பகலிலும் சாத்தியிருந்தால் ஊரில் இல்லை, தட்டாதே. இதை அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

காலையில் திறப்பதும் சாயங்காலம் சாத்துவதும் டூகல்டின் வேலை. மேல் தாழ்ப்பாள் அவனுக்குத்தான் எட்டும். முப்பத்தெட்டு வருஷத்தில் எல்ஸ்பெத் அதைத் தொட்டதே இல்லை.

மார்ச் மாதம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த டூகல்ட் எழவில்லை. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் வேகவைத்த பன்றித்தொடையும் விஸ்கியும் எடுத்துக்கொண்டு கலைந்த பிறகு, ஓபன் என்ற கடலோர ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் ஆர்ச்சி புயல் கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டான். தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் மாட்டேன் என்றாள். அவன் பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி ரயிலுக்குப் போனான்.

மறுநாள் கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும்.

கொழுந்தனோடு ஓபனுக்குப் போய்விட்டாள் என்று தெரு நினைத்தது. முன் ஜன்னல்களில் துக்கத்துக்கு இறக்கிய திரை இறங்கியபடியே இருந்தது. வீட்டுக்கு வீடு நடுச்சுவர் ஒன்றரை முழக் கல். இந்தப் பக்கம் நாற்காலி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்காது. புகையைப் பார்க்கலாம் என்றால், இரண்டு வீட்டுப் புகைபோக்கியும் ஒரே மேடையில் எட்டுக் குழாயாக நிற்கின்றன. எது யாருடையது என்று யார் எண்ணினார்கள்? பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி நல்ல மனசோடு பால்காரனிடம் சொல்லிப் பாலை நிறுத்தினாள்.

எல்ஸ்பெத் பின்கட்டு அடுப்படியில் இருந்தாள். மிச்சமிருந்த இறைச்சியைத் தின்றாள். தீர்ந்ததும் ஓட்ஸ் கஞ்சி. பால் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. வெறும் தேநீர் குடித்தாள். அழுகை வரவில்லை. யாரும் எட்டிப்பார்க்கவில்லை என்பது தெரிந்தது, பல் பிடுங்க மருந்து போட்ட கன்னத்தைக் கிள்ளினால் தெரிகிற மாதிரி. பின்கதவைத் திறந்து கடைக்குப் போகலாம். போகவில்லை.

பதினோராம் நாள் காலை ஓட்ஸ் டப்பாவின் அடி தெரிந்தது. அந்த நேரம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து இருட்டு இடைகழியில் போய் நின்றாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஜெஸ்ஸியும் தபால்காரர் ஹூகியும்.

சேர்ந்துபோன கடிதங்களை என்ன செய்வது என்று ஹூகி கேட்டார். தன்னிடம் கொடுக்கச் சொன்னாள் ஜெஸ்ஸி.

"அவ ஓபன்ல கடல்காத்து வாங்கிட்டு இருக்கா. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. முப்பது வருஷம் ஒரே கொடியில துணி காயப்போட்டவ."

"துக்கத்துல இருப்பாங்கம்மா."

"துக்கம் வாயை அடைக்குமா? ரெண்டு புருஷன் போயும் எனக்கு அடைக்கலையே."

"உங்களுக்கு அடைக்காதுன்னு தெருவுக்கே தெரியும்."

எல்ஸ்பெத் கூப்பிட நினைத்தாள். அதற்குள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. ஆறு படிதான். இவர்களும் போய்விட்டால் இனி இந்தக் கதவுக்கு முன்னால் யாரும் வந்து நிற்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையைத் தூக்கி, தன் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தட்டினாள்.

வெளியே கால்கள் நின்றன.

"யாரு அது?" என்றாள் ஜெஸ்ஸி.

"நான்தான். மேல் தாழ்ப்பாள் எட்டல."

ஜெஸ்ஸி பின்சந்தில் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்கப் பின்கதவு வழியாக வந்தாள். ஆர்ச்சி போன நாளிலிருந்து அது தாழிடாமலே கிடந்தது. எல்ஸ்பெத்தின் முகத்தைப் பார்த்தாள். பாலை வேறு நிறுத்தித் தொலைத்தேனே என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகு தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள்.

"வீட்டுல முக்காலி இல்லையாடி எல்ஸி?"

"இருக்கு."

"போட்டு ஏறவேண்டியதுதானே?"

"தோணல."

ஜெஸ்ஸி முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தானே ஏறப்போனவள் நின்று, முழங்கால் வலி என்று ஒதுங்கிக்கொண்டாள். அதே முழங்காலோடுதான் சந்து முழுக்க ஓடி வந்திருந்தாள். எல்ஸ்பெத் ஏறினாள். இரும்பு குளிர்ந்திருந்தது. டூகல்ட் எண்ணெய் போட்டு வைத்திருந்தான். இழுத்ததும் சத்தமில்லாமல் இறங்கியது.

கீழ்த் தாழ்ப்பாளையும் எடுத்துக் கதவை மடக்கியதும் இடைகழித் தரையில் வெளிச்சம் விழுந்தது. ஹூகி தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடிதக்கட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நிம்மதியும் இல்லை, அழுகையும் இல்லை. முக்காலியை உள்ளே எடுத்துவைக்கக் குனிந்த ஜெஸ்ஸியிடம் சொன்னாள்:

"அங்கயே இருக்கட்டும். சாயங்காலம் சாத்தணும்."