நாக்கைப் பதனிட்ட டீ

டீ போடத் தெரியாத ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களும் படிக்கலாம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கூட்டத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்தால் எனக்கென்ன நஷ்டம்?

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தோல் பதனிடுகிற குழிகளில் மரப்பட்டை ஊறிய தண்ணி எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் வேலை. ஊருக்குப் போனால் 'கெமிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வேன். வாடகை வீட்டில் முன்னால் ஒரு ரூம், பின்னால் சமையல்கட்டு என்ற பெயரில் ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு திரி ஸ்டவ் இருந்தது. அதை நான் பற்றவைத்ததே இல்லை. சாப்பாடு மெஸ்ஸில். ஒரு நாளைக்குப் பத்து டீ, ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்க் கடையில். டீ என்பது கண்ணாடி கிளாஸில் தானாக நிறைந்து வருகிற வஸ்து என்பதுதான் அதைப் பற்றி எனக்கிருந்த மொத்த ஞானம்.

அப்படி இருந்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயரம்மா, அதாவது எங்கள் சபைப் போதகரின் மனைவி, மடக்கினார்கள்.

"தம்பி, வேலூர்லேர்ந்து சேதி வந்திருக்கு."

விஷயம் இதுதான். மூன்று மாதம் முன்னால் லேபில் கண்ணாடி உடைந்து உள்ளங்கை கிழிந்து, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கட்டுப் போட்ட நர்ஸ் என் கையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே நான் "ஐயோ" என்று அலறினேன். "இன்னும் தொடவே இல்லைங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பெயர் விசாரித்து, சபை விசாரித்து, பெண் கேட்கச் சொல்லி ஐயரம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு பாக்க நீங்க வர வேணாமாம். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அந்தப் பொண்ணும் அவங்கப்பாவும் இங்க வர்றாங்களாம்."

"சரிங்க ஐயரம்மா!"

"முழுசாக் கேளுங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ காப்பித் தட்டு தூக்கிட்டு வந்து நின்னாச்சாம். மூணாவது தடவ நிக்க முடியாதுன்னுடுச்சாம். டூட்டி முடிஞ்சி கால் வலியோட வர்றப்போ ஒரு டீ போட்டுக் குடுக்கத் தெரிஞ்ச ஆளாப் பாருங்கன்னு சொல்லுதாம். நீங்க போடற டீயக் குடிச்சிட்டுத்தான் பதிலாம். போடுவீங்க இல்ல?"

"தினம் போடறேனே!" என்றேன், கோயில் வாசலில் நின்றுகொண்டு.

ஏழு நாள் இருந்தது. ஆறு நாளில் உலகமே உண்டாகியிருக்கிறது, ஏழு நாளில் ஒரு டீ உண்டாகாதா? திங்கட்கிழமை காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கெமிஸ்ட் கேட்பானா? நானே யோசித்தேன். பட்டையிலும் துவர்ப்பு, டீத்தூளிலும் துவர்ப்பு. பட்டை எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு சாறு, அவ்வளவு தரம். ஆகவே டீத்தூளும் அப்படியே! ரெண்டு கைப்பிடித் தூளைப் பாத்திரத்துத் தண்ணியில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயந்திரம் வந்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். லேபிலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாயையும் கொண்டுவந்திருந்தேன். மிதக்கவிட்டுப் பார்த்தால், ஆகா, ஃபேக்டரியில் கடைசிக் குழிக்குக்கூட அவ்வளவு கெட்டியாக வந்ததில்லை. சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே தோஸ்த்தைக் கூப்பிடப் போனேன்.

தோஸ்த் என்றால் ஃபேக்டரியில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம்மை ஓட்டுகிற பேரணாம்பட்டு பாய். என் வயசுதான். நான் அவனை பாய் என்பேன், அவன் என்னை தோஸ்த் என்பான், கோபம் வந்தால் கெமிஸ்ட் என்பான். வந்து உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான். அவன் கன்னம் ரெண்டும் உள்ளே போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

"எப்டி இருக்கு பாய்?"

"நாக்கைக் காணோம் தோஸ்த்."

"ஸ்ட்ராங்கா இருக்கா?"

"ஸ்ட்ராங்கா? ஆடு செத்துப்போச்சி, அது தோலை நீ இன்னா பண்ணாலும் கேக்காது. நான் உயிரோட இருக்கேன்பா! நாளைக்கு என் நாக்குல எண்ணெய் தடவி இஸ்திரி போட்டா செருப்புக்கு மேல்தோலு ஆயிடும். இன்னா பண்ணே இத?"

சொன்னேன். குழாயையும் பெருமையோடு காட்டினேன்.

"இது குழியில விட்ட குழாய்தானே?"

"மூணு தடவ கழுவினேன் பாய்."

பாய் எழுந்து பின்பக்கம் போனான். பத்து நிமிஷம் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கேளு கெமிஸ்ட். தண்ணி தளதளன்னு கொதிக்கணும். அப்புறம்தான் தூளு. தூளப் போட்டதும் அடுப்ப நிறுத்து, தட்டு போட்டு மூடு. ரெண்டு நிமிசம், ஜாஸ்தி போனா மூணு. வடிகட்டு. பால் தனியா காஞ்சி ரெடியா நிக்கணும். அவ்ளோதான். அத ஊறவெச்சி, வேகவெச்சி, பேஜார் பண்ணாத."

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. துவர்ப்பு எப்போதும் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடும். குழியில் தோலைப் பிடிக்கும். டம்ளரில் பாலைப் பிடிக்கும். பால் போதாவிட்டால் குடிக்கிறவன் நாக்கைப் பிடிக்கும்! காலையில் டிரம் பக்கம் ஓடிப்போய் பாயிடம் கத்திச் சொன்னேன். அவன் டிரம்மை நிறுத்தாமலே திருப்பிக் கத்தினான்: "ஞாயித்துக்கெழம இத மட்டும் சொல்லிடாத! பொண்ணு எழுந்து போய்டும்!"

அப்புறம் முறையாக இறங்கினேன். ஃபேக்டரியில் ஒவ்வொரு லாட்டுக்கும் சீட்டு எழுதுவது போல ஒவ்வொரு டீக்கும் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். ரெண்டாம் லாட்டில் கெரசின் வாசனை. வருஷக்கணக்காகத் தோல் நாற்றத்தில் கிடந்த என் மூக்குக்கு ரோஜாப்பூவும் ஒன்றுதான், கெரசினும் ஒன்றுதான். பாய்தான் கண்டுபிடித்தான். ஸ்டவ்வின் திரியை வெட்டிச் சமன் செய்து, புகை இல்லாமல் நீலமாக எரிந்த பிறகுதான் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதினேன். மூன்றாம் லாட்டில் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன், தலை தட்டி, என்று அளவு பிடிபட்டது. நிறம்கூட வந்துவிட்டது. ஆனால் வாயில் வைத்தால் கரித்தது.

"சர்க்கரைன்னு உப்பு போட்டியா?"

"இல்ல பாய்."

"அப்போ தண்ணி."

அட, ஆமாம்! எங்கள் தெருக் கிணறு முழுக்க உப்பு. குளிக்கலாம், துணி துவைக்கலாம், நுரை மட்டும் கேட்கக் கூடாது. கிணறு ஏன் அப்படி ஆயிற்று என்று நான் யாரிடமும் போய்ச் சண்டை போடவும் முடியாது. அந்த உப்பை இறக்கியது எனக்குச் சம்பளம் கொடுக்கிற ஃபேக்டரி. ஊருக்கு வெளியே மலைப் பக்கம் நாலு மைலில் ஒரு வயல் கிணறு, அங்கேதான் நல்ல தண்ணி. புதன்கிழமை வேலை விட்டதும் சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு பறந்தேன். வரும்போது முதுகெல்லாம் தெளித்துக்கொண்டே வந்தது. பாதிக் குடம் எனக்கு, பாதி ரோட்டுக்கு.

நாலாம் லாட்! தண்ணி கொதிக்கும்போதே தெரிந்துவிட்டது. தூளைப் போட்டு, இஞ்சி ஒரு துண்டு நசுக்கிப் போட்டு, மூடி, வாட்சைப் பார்த்து, வடிகட்டிப் பாலில் ஊற்றினேன். அப்படி ஒரு நிறம் பார்த்ததே இல்லை. நல்ல தரமான ஆட்டுத்தோல் காய்ந்து வரும்போது ஒரு செம்மஞ்சள் இருக்கும் பாருங்கள், அது. (எனக்குத் தெரிந்த உவமை அவ்வளவுதான்.) பாய் குடித்தான். கிளாஸைக் காலி செய்து நீட்டினான்.

"இன்னொண்ணு."

நான் சமையல்கட்டிலேயே ஆடினேன். தலை மேல் பரணில் இடித்தது, அப்போதும் ஆடினேன். வீட்டுக்காரருக்கு ஒரு டீ, பக்கத்து வீட்டு பீடி சுற்றுகிற அக்காவுக்கு ஒரு டீ, தபால்காரருக்கு ஒரு டீ. வெள்ளி, சனி ரெண்டு நாளும் தெருவில் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து ஊற்றினேன். சனிக்கிழமை இன்னொரு குடம் கொண்டுவந்தேன். ஞாயிறு மத்தியானம் கடைசி ஒத்திகை என்று பாய்க்கு மூன்று, எனக்கு மூன்று, வாழ்த்து சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று. மணி மூன்றுக்குக் குடத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு சொம்புத் தண்ணி. நாலு பேருக்கு டீ போட அது தாராளம் என்று பாயை அனுப்பிவிட்டுச் சட்டையை மாற்றினேன்.

சரியாக நாலு மணிக்கு ஐயரம்மா முன்னே வர, அப்பாவும் பெண்ணும் பின்னே வந்தார்கள். அப்பா ரிட்டயர்ட் தலைமையாசிரியர், வேட்டி கசங்காத மனிதர். பெண் காலை டூட்டி முடித்து நேராக பஸ் ஏறி வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் என்ன கொடுப்போம்? தண்ணி. பெண் வீட்டாருக்கு உப்புத் தண்ணியைக் கொடுக்க முடியுமா? என் கை தானாகச் சொம்புக்குப் போனது.

அப்பா ஒரு டம்ளர் குடித்தார். "ஆகா!" என்றார். "ஆம்பூர்த் தண்ணி உப்புன்னு வேலூர் பூரா சொல்றாங்க. சுத்தப் பொய்! தம்பி, இன்னொரு டம்ளர்."

கொடுத்தேன்.

"இளநீர் தோத்துப்போகும். இன்னும் கொஞ்சம் இருக்கா?"

கொடுத்தேன். ஐயரம்மாவும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் அவர்கள் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் மட்டும் தண்ணியை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே வந்து சொம்பை டம்ளரில் கவிழ்த்தேன். முக்கால் டம்ளர். நாலு பேர். மணி நாலேகால். நாலு மைல். மூலையில் தெருக் கிணற்றுத் தண்ணி ஒரு தவலை நிறைய என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைக் கலந்துவிடலாமா? இஞ்சியை ஜாஸ்தி போட்டால் மறைக்குமா? ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு தவலைக்கும் சொம்புக்கும் நடுவில் நின்றேன்.

"இன்னா ஆச்சி?" வாசலில் அவள்.

"ஒண்ணுமில்லையே."

"ஆஸ்பத்திரிலயும் உள்ள வர்றப்போ அப்டித்தான் சொன்னீங்க. தரையெல்லாம் ரத்தம்."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். தினம் டீ போடுகிறேன் என்று சொன்னது பொய், போன திங்கள்தான் முதல் தடவை ஸ்டவ் ஏற்றினேன், கண்ணாடிக் குழாய், பாயின் நாக்கு, கிணறு, தபால்காரர், எல்லாம். "உங்கப்பா குடிச்சதுதான் டீத் தண்ணி. ஒரே ஒரு டம்ளருக்குத்தான் மிச்சம் இருக்கு. உப்புத் தண்ணில போட்டா நாலு பேருக்கும் வரும். ஆனா நல்லா இருக்காது."

அவள் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'லாட் ஒன்று: நாக்கைக் காணோம்' என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ ஒரு டம்ளரே போடுங்க" என்றாள்.

நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தூளை ஒரு ஸ்பூன் அள்ளி ரெண்டு தடவை தலை தட்டினேன். தண்ணி தளதளத்தது. தூளையும் இஞ்சியையும் போட்டேன், நிறுத்தினேன், மூடினேன். ரெண்டு நிமிஷமும் நாங்கள் ரெண்டு பேரும் வாட்சைத்தான் பார்த்தோம். வடிகட்டினேன். பால் சேர்ந்ததும் அந்தச் செம்மஞ்சள் வந்தே விட்டது!

டம்ளரை அவளிடம் நீட்டினேன். அவள் குடிக்கவில்லை. நாலு டம்ளரை வரிசையாக வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் நாலாகப் பிரித்தாள். தட்டை அவள் தூக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.

அப்பா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கோயில் திருவிருந்துல குடுக்கற ஒரு மடக்கு மாதிரி இருக்கு?"

"மிச்சத்தை நீங்க முன்னாடியே குடிச்சிட்டீங்கப்பா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடித்தார். ஐயரம்மா குடித்தார்கள். அவள் கடைசியாகக் குடித்தாள். அந்தக் கால் டம்ளரைக் குடிக்க அவ்வளவு நேரம் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

"இஞ்சி கொஞ்சம் கம்மி பண்ணலாம்" என்றாள்.

"சரி."

"அந்தக் கிணத்துக்கு சைக்கிள்லதான் போறீங்களா?"

"ஆமா."

"ஒரு குடம்தான் கட்ட முடியுமா?"

"கேரியர்ல ரெண்டு பக்கமும் தொங்கவிட்டா ரெண்டு கட்டலாம்."

"அப்போ இனிமே ரெண்டாக் கொண்டாங்க. ஒண்ணு பத்தாது."

"இல்லைங்க, என் ஒருத்தனுக்கு ஒரு குடமே ஜாஸ்தி..."

"தம்பி, வாய மூடுங்க!" என்றார்கள் ஐயரம்மா. "பொண்ணுதான் சரின்னு சொல்லிடுச்சே!"

"எப்போ சொன்னா?" என்று கேட்டார் அப்பா.

நானும் அதையே கேட்கத்தான் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.