கொண்டக்டர் சொன்னால் திரும்பும் கார்

திவாகரன் சொல்வதைக் கேட்கிற ஆள் மஹய்யாவையில் ஒருவரும் கிடையாது. இது அவதூறு அல்ல, அவரே ஒப்புக்கொள்கிற விஷயம். பதினைந்து வருடமாகக் கண்டி–கலகெதர பஸ்ஸில் கொண்டக்டர். "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்கு எடமிருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவார்; ஒரு சனம் அசையாது. பஸ் முழுக்கக் காலியாக இருந்தாலும் எல்லோருக்கும் கதவடியில் நின்றால்தான் மோட்சம். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். டிவி சத்தத்தைக் குறை என்று சொன்னால் அவர் மனைவி கலாராணி கூட்டிவைப்பாள். "நாள் பூராவும் பஸ்ல கத்திட்டு வந்து இங்கயும் கத்துறீங்களே, இது என்ன கலகெதரயா?" என்பாள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஹுதைபா நானா வந்து வாய்த்தார். அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கடையில் ஆணி நிறுப்பதை விட, தோட்டத்து மண் ரோட்டில் கார் பறக்கவிடுவதில்தான் மனிதருக்கு உயிர். நாடு முழுக்கச் சுற்றுச் சுற்றாக நடக்கும் கிரவல் ராலி சம்பியன் போட்டியில் சின்ன எஞ்சின் பிரிவில் ஓடுகிறவர். அந்த விளையாட்டில் டிரைவருக்கு வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் நாள் மெதுவாகப் போய் எழுதிவைத்த வளைவுகளைப் பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர் ரோடு. இதை வாசித்துக்கொண்டிருந்தவர் ஹுதைபாவின் மச்சினன். தலையைக் குனிந்தால் அந்தப் பாவிக்கு வாந்தி வரும். போன வருடம் இரண்டு சுற்றில் கார் முடித்து வந்த கோலத்தைப் பார்த்து மெக்கானிக்கே வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் வாகனம் கராஜில் கிடந்ததால் ஹுதைபா பஸ் ஏறினார். அங்கே கண்டார் ஐயா அந்த அதிசயத்தை. பஸ் மலை வளைவில் சாய்கிறது, ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். திவாகரன் எதையும் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணுகிறார், டிக்கெட் கிழிக்கிறார், அடுத்த பஸ் ஹோல்ட்டின் பெயரைக் கூவுகிறார்.

"ஒங்களுக்கு வாந்தி வாற இல்லயா?" என்று கேட்டார் ஹுதைபா.

"வந்தா யாரு டிக்கெட் கிழிக்கிறது நானா?"

அவ்வளவுதான். தெல்தோட்டையில் நடந்த முதல் சுற்றிலேயே திவாகரனுக்கு ஹெல்மெட் மாட்டியாயிற்று. "இடது மூணு, உள்ளுக்கு வெட்டாதீங்க, கல்லு இருக்கு!" என்று கத்தினார். கார் இடது பக்கம் திரும்பியது! "வலது ரெண்டு, மெதுவா!" மெதுவாயிற்று! கடை, வீடு, வேன் எல்லாம் வைத்திருக்கிற ஒரு முதலாளி தாம் சொன்னபடி திரும்புகிறார் என்பதைத் திவாகரனால் நம்பவே முடியவில்லை. முடிவுக் கோட்டில் இறங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்று சமாளித்தார்.

அந்த சீசன் அவர்களுக்கு நன்றாகவே ஓடியது. கலகெதரப் பக்கத்து மலையில் கடைசிச் சுற்று. அதற்கு வரும்போது பிரிவில் முன்னுக்கு நின்றார்கள். தொடங்குவதற்கு முன் ஹுதைபா மெல்லச் சொன்னார்; அவர் ஊர்ப் பேச்சில் சொல்வது 'செல்றது'. "திவா, ஒளிக்காம செல்றேன். கொழும்புல ஒருத்தன் ஈக்கான், படிச்சவன், வெளிநாட்டுலயும் ராலி வாசிச்சவன். அடுத்த வருசம் வாறேன்டு நிக்கிறான். வீட்டுலயும் அவனத்தான் போடச் செல்றாங்க. கப்ப எடுத்தா ஒங்கள யாரும் அசைக்க ஏலாது."

திவாகரன் ஹெல்மெட் பட்டியை இன்னொரு தரம் இறுக்கினார். கப் போனால் போகட்டும். அந்தச் சீட் போனால் மறுபடியும் ஒரு பிறவி முழுக்க "உள்ளுக்குப் போங்க" தான்.

கடைசி ஓட்டம். பாதி வழியில் சில்லுக்குக் காற்றுப் போனது. இறங்கி மாற்றினார்கள். அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தாமதித்துப் போய் முடித்தாலும் புள்ளி போதும், கப் அவர்களுக்குத்தான். பின்னால் வரும் கார் நெருங்கினால் ஒதுங்கி வழி விட வேண்டும் என்பது விதி. அதை ஒவ்வொரு சுற்றிலும் ஹுதைபாவுக்கு ஞாபகப்படுத்துகிறவரே திவாகரன்தான்.

ஆனால் தூசிக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தது.

பதினைந்து வருடம் ஐயா! பின்னால் வருகிற பஸ் முந்திவிட்டால் அடுத்த ஹோல்ட்டில் ஒரு குருவி கூட மிஞ்சாது என்று பழகிய உடம்பு. விதியும் மதியும் பறந்தன. "நடுவப் பிடிங்க நானா! விடாதீங்க! முந்துனான்னா ஹோல்ட்டு ஆளெல்லாம் அள்ளிருவான்!"

அந்தக் காட்டில் ஹோல்ட்டும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு மாடு மட்டும் நின்றது. ஹுதைபா நடுவைப் பிடித்தார். பின்னால் வந்தவன் இடது பக்கம் பார்த்தான், "இடது!" என்றார் திவாகரன்; வலது பக்கம் பார்த்தான், "வலது!" என்றார். முடிவுக் கோடு வரைக்கும் அவனைத் தூசி தின்ன வைத்தார்கள். ஜெயித்த களிப்பில் இவர் டாஷ்போர்டைத் தட்டினார். பிறகுதான் தாம் செய்த வேலை உறைத்தது.

விசாரணை மேசையில் நடுவர் சிங்களத்தில் கேட்டார், ஏன் மறித்தீர்கள் என்று. "நான்தான் சொன்னேன் சேர், பஸ் கொண்டக்டர் பழக்கம், அவர் மேல தப்பில்ல," என்று திவாகரன் முந்திக்கொண்டார். கொண்டக்டர் பேச்சைக் கேட்டு ஓட்டினீரா என்று நடுவர் ஹுதைபாவைப் பார்த்தார். ஓம் சேர், சீசன் முழுக்க அப்படித்தான், இல்லாவிட்டால் எப்போதோ பள்ளத்தில் கிடந்திருப்பேன் என்றார் அவர். இருவரையும் அந்தச் சுற்றிலிருந்தே தூக்கிவிட்டார்கள். புள்ளியில் அடுத்ததாக நின்றவன் அந்தப் பின்னால் வந்தவன்தான்; கப் அவனுக்குப் போனது.

திரும்பும் வழி. திவாகரன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இதை எங்கே எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தார். கட்டுகஸ்தோட்டைச் சந்தி வந்தது. இடது பக்கம் அக்குறணை. வலது பக்கம் பாலம் தாண்டி மஹய்யாவை. ஹுதைபா சந்தி வாயில் காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். பின்னால் ஒரு பஸ் ஹோர்னைப் பிடித்துக்கொண்டு அலறியது.

"நானா, பின்னால வர்றவனுக்கு வழி விடுங்க."

"இத இப்பவா செல்றீங்க? காலயில செல்லியிருந்தா கப்பு எங்கட."

கார் அசையவில்லை.

"போங்க நானா, ஊரே திட்டுது."

"எந்தப் பக்கம்?"

"ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க பொறந்து வளர்ந்த பக்கம் இது."

"நீங்க செல்லாம நான் திருப்புற இல்ல," என்றார் ஹுதைபா, ரோட்டையே பார்த்தபடி. "அடுத்த வருசமும் அப்பிடித்தான்."

திவாகரன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"வலது நாலு," என்றார் கடைசியில். "பாலம் வரும். மெதுவா."

கார் வலது பக்கம் திரும்பியது.