மூன்று முறை பிடித்த பேன்ட்

அண்ணியின் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் வீட்டுக்குள் யார் என்ன சாப்பிடுகிறார்கள், தெருவில் யார் என்ன உடுத்திக்கொண்டு போகிறார்கள் என்று இரண்டும் தெரியும். இரண்டுமே அவருக்குப் பிடிப்பதில்லை.

காலையில் முதல் திட்டு பேத்திக்கு.

"முட்டி கிழிஞ்சதைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கா பாரு. என்கிட்ட சொல்லியிருந்தா நானே கத்தரியை வச்சுக் கிழிச்சுக் குடுத்திருப்பேனே."

"நீங்க கிழிச்சா நேரா இருக்கும் பாட்டி. இது கோணலா இருக்கணும்."

அடுத்தது குதி உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு, வெறும் காபியோடு ஆபீசுக்குக் கிளம்பும் மருமகளுக்கு.

"வயித்துல ஒண்ணும் இல்ல, காலுக்கடியில ஒரு மாடி. முதுகு போனப்புறம் என்ன பண்ணுவ?"

"எல்லாரும்தான் போடறாங்க அத்தை."

"அப்ப எல்லாரும் வரிசையா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் தைலம் தேய்ச்சுவிடுங்க."

அவருக்கு உடம்பும் உடையும் ஒரே விஷயம்தான். ஆயத்த ஆடைக் கடை ஒன்றுக்குத் துணிகளைத் திருத்திக் கொடுத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குக் கை ஊதியது என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். என் அண்ணன் சர்க்கரை நோயில் போனவர். அவர் பருமனான ஆள். ஒவ்வொரு வருடமும் அவருடைய பேன்ட்டைப் பிரித்து இடுப்பைத் தளர்த்திக் கொடுத்தவர் அண்ணி. அதிலிருந்து அந்த வீட்டில் பெருப்பதுதான் நோய். யாராவது துணியைத் தளர்த்தக் கொடுத்தால் அன்றே சோற்றைக் குறைப்பார். இளைத்தவனைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

அதனால்தான் மகன் பேன்ட்டைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா, லூசா இருக்கு" என்றபோது அவருக்குக் கோபம் வந்தது ஃபேஷன் மேல்தான்.

"லூசா இருந்தா என்ன? காத்து போகும். தோல் மாதிரி ஒட்டினாத்தான் ஆபீஸ்ல உள்ள விடுவாங்களா?"

"இப்ப யாரும் தொளதொளன்னு போடறதில்லம்மா."

திட்டிக்கொண்டே பிடித்துக் கொடுத்தார். அதே பேன்ட் மறுபடி வந்தது. "கடைசியில இதை உன் உடம்போட சேர்த்துத் தைச்சுடறேன். கழட்டற வேலையே இருக்காது" என்றார். பிடித்துக் கொடுத்தார். மூன்றாவது முறையும் வந்தது. அப்போது அவர் திட்டியது மகனை இல்லை, விளம்பரங்களில் வரும் ஒல்லிப் பையன்கள் எல்லோரையும். மறுபடியும் பிடித்துக் கொடுத்தார், கூடவே அவனுடைய மற்றப் பேன்ட்டுகளையும்.

பிறகு ஒரு நாள் மகன் சட்டையைக் கொண்டுவந்தான்.

"காலர் பட்டனை மட்டும் கொஞ்சம் தள்ளித் தைம்மா. டை கட்டினா கழுத்துல சட்டை தொங்குது."

அண்ணி டேப்பை எடுத்தார். அவன் கழுத்தைச் சுற்றினார். இன்னொரு தரம் சுற்றினார். திட்டு கேட்காததால் பேத்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கழுத்துக்கு ஏதுடா ஃபேஷன்?" என்றார் அண்ணி. "உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. இளைச்சிருக்கேன். ஆபீஸ்ல எந்த ஜிம்முன்னு கேக்கறாங்க. பெத்தவ நீ சந்தோஷப்பட வேண்டாமா?"

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கறார்னு கேளுங்க அத்தை" என்றாள் மருமகள். "தலைமாட்டுல ரெண்டு பாட்டில் தண்ணி."

"வெயில் காலம்!"

"உங்கப்பாவும் இப்படித்தான் வெயிலைச் சொன்னார். டாக்டர்கிட்ட போ."

"அப்பா குண்டு. நான் எப்படி இருக்கேன் பாரு. அடுத்த வாரம் போறேன்."

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் ஆபீசில் வேலை. அண்ணி கெஞ்சினார், பிறகு கத்தினார். அவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கும்போது மெஷின் சத்தமே இல்லை. பிரிப்பதற்கு மெஷின் வேண்டாம், பிளேடு போதும். அவனுடைய அத்தனை பேன்ட்டையும் மடியில் போட்டுக்கொண்டு, பிடித்த தையலை எல்லாம் அண்ணி பிரித்தார். இடுப்பு, தொடை, கால். கடையில் வாங்கிய அளவுக்கே எல்லாம் திரும்பிவிட்டன. மடித்து அலமாரியில் வைத்தார். பெல்ட்டுகளை எடுத்துத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலையில் மகன் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் இருந்த கூடத்துக்கு வந்தான்.

"என்னம்மா இது!"

"பேன்ட்."

"மீட்டிங் இருக்கும்மா! விளையாடறியா? பெல்ட் எங்க?"

"கையை எடு."

"எடுத்தா விழுந்துடும்!"

"விழட்டும். உன் பொண்டாட்டி பாக்கட்டும், உன் பொண்ணு பாக்கட்டும், உன் சித்தப்பா பாக்கட்டும். ஜிம்முக்குப் போனவன் உடம்பை எல்லாரும் பாக்கட்டும். அந்தப் பேன்ட் உனக்குச் சரியா இருந்ததுடா! போன தீபாவளிக்கு வாங்கறப்ப சரியா இருந்தது! மீதி உடம்பு எங்க போச்சு? சொல்லு!"

சிரிக்கத் தொடங்கிய பேத்தி நிறுத்திவிட்டாள். அப்பாவின் இடுப்புக்கும் துணிக்கும் நடுவில் இருந்த இடத்தையே பார்த்தாள். "அப்பா, ரெண்டு கை போகும்ப்பா உள்ள" என்றாள்.

பெல்ட் டாக்டர் வீட்டு வாசலில்தான் கிடைக்கும் என்றார் அண்ணி. அப்படியே ஆயிற்று. ஆட்டோவில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான், அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா விரலில் குத்திப் பார்த்தார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் குத்தினார்.

"சர்க்கரைதான் உடம்பைக் கரைச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. முன்னாடி யாரும் சொல்லலையா?"

மகன் மேஜையைப் பார்த்தபடி சொன்னான். "ஆபீஸ்ல ரத்தம் எடுத்தப்ப சொன்னாங்க. ஆனா இளைக்க ஆரம்பிச்சதும், சரியாயிட்டு வருதுன்னு நினைச்சேன்."

அண்ணி அவனை அடிக்கவில்லை. கை ஓங்கியது நிஜம்.

ஊசி எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டினார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மருமகள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, நீங்க கவனிச்சீங்க அத்தை" என்றாள்.

அண்ணி கையை உதறினார். "கவனிச்சேனா? உக்காந்து உக்காந்து மூணு தடவை பிடிச்சுக் குடுத்தவ நான். உங்க ஃபேஷனைத் திட்டின நேரத்துல அவன் இடுப்பைப் பாத்திருக்கணும். என்னை மெச்சாத."

பிறகு யாரையும் பார்க்காமல் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுபோய் மகன் முன்னால் நின்றார். அவன் போட்டுக்கொண்டான்.

"வாயைத் திற."

"முழுங்கிட்டேன்மா."

"நாக்கைத் தூக்கு."

காதோரம் நரைத்தவன், மகள் எதிரில், நாக்கைத் தூக்கிக் காட்டினான். அண்ணி குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நன்றாகப் பார்த்தார்.