காலால் பிறந்தவன் பார்த்த வைத்தியம்

நான் காலால் பிறந்தவன். அதாவது, தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்துவிட்டால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இதற்காகவே எனக்குத் தனி மரியாதை. மேனேஜரே ஒருமுறை என் முன்னால் குப்புறப் படுத்திருக்கிறார். கர்வம் வராமல் இருக்குமா?

அறுபதை நெருங்கும் என் மனைவி ஒருநாள் தொடை வலிக்கிறது என்றாள். கையிலும் இரண்டு இடத்தில் கன்றியிருந்தது. எங்கேயாவது இடித்திருப்பாய் என்றேன். சுளுக்குத்தான் என்று நானே முடிவு செய்து, குதிகாலால் தொடையை நன்றாக மிதித்து நீவினேன். மறுநாள் காலையில் தொடை வீங்கிக் கன்னங்கரேலென்று இருந்தது. அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் அடிப்பாரா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"அவிய அடிக்கல்லாம் மாட்டாக. மிதிச்சாக, அம்புட்டுதான்" என்றாளாம் இவள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ரத்தம் எடுத்த இடத்தில் கட்டிய துணி நனைந்துகொண்டே இருந்ததைப் பார்த்ததும் பயம்தான் மிஞ்சியது. நாளெல்லாம் நான் மடிக்கிற அதே துணி.

மதுரைக்கு அனுப்பினார்கள். பெரியவர்களுக்கு அபூர்வமாக வரும் ஹீமோபிலியாவாம், பிறவியிலேயே வருவது அல்ல. ரத்தத்தை உறையவைக்கும் பொருளை அவள் உடம்பே பகையென்று நினைத்து அழிக்கிறதாம். நான் மிதித்ததை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

"நோய் உங்களால வரல. உள்ள கசிஞ்ச ரத்தத்த நீங்க கூட்டி விட்டுட்டீங்க" என்றார்.

ரத்தம் நிற்க ஊசி, பிறகு வாரக்கணக்கில் மாத்திரை. அந்த மாத்திரையால் அவள் முகம் உப்பியது. தொடையின் கறுப்பு பச்சையாகி, மஞ்சளாகி, மெல்ல மறைந்தது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தும் நான் நம்பவில்லை. அரிவாள்மனையை ஒளித்து வைத்துவிட்டு, காய்கறியை நானே கட்டை கட்டையாக நறுக்கினேன்.

ஒருநாள் காலையில் அவள் அரிவாள்மனையைத் தேடி எடுத்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பதற்றத்தில் விரலைக் கீறிக்கொண்டாள். ஆட்டோ பிடிக்க ஓடப்போனேன்.

"செத்த நேரம் உக்காருங்க" என்றாள்.

இருவரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு திரண்டது. இன்னொன்று. அதற்குப் பிறகு வரவில்லை.

"நின்னுட்டு" என்றாள்.

நான் வாய்விட்டு அழுதேன். அவள் விரலைக் கழுவிவிட்டு மிச்ச வெண்டைக்காயை நறுக்கினாள்.