அத்தை குதித்த கிணறு

சேலத்திலிருந்து சினிமாக்காரர்கள் மல்லசமுத்திரத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தேடி வந்தபோது எனக்கு எட்டு வயது. அது ஒரு சி.ஐ.டி. படம். எதிரிகள் துரத்த, ரகசியப் படச்சுருளை இடுப்பில் செருகிக்கொண்டு கதாநாயகி கிணற்றில் குதிக்க வேண்டும். கதாநாயகியோ உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதே கிணற்றில் தினமும் குதித்து நீந்துகிறவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. "நான் குதிக்கட்டுங்களா?" என்று அவளே கேட்டுவிட்டாள். டைரக்டர் கும்பிடாத குறையாக அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குச் சங்கடம். அடுத்த மாதம் அத்தைக்குக் கல்யாணம்.

"மொகம் தெரியக் கூடாதுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா வம்பு," என்றார் கடைசியில்.

கதாநாயகியின் கறுப்புச் சட்டையும் பேண்ட்டும் அத்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. சவுரியை மட்டும் கொண்டை ஊசி குத்தி இறுக்கினார்கள். மூன்று முறை குதித்தாள். முதல் முறை சவுரி தனியாக மிதந்தது. இரண்டாம் முறை கேமரா ஓடவில்லையாம். பிறகு கதாநாயகியைக் கடைசிப் படியில் முழங்கால் தண்ணீரில் நிற்கவைத்து, தலையில் இரண்டு வாளி ஊற்றிப் படம்பிடித்தார்கள். அவர் அழகாக மூச்சு வாங்கினார். அத்தை மோட்டார் ரூமுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார்.

படம் திருச்செங்கோட்டுக்கு வந்தபோது அத்தை புதுப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தாள். மாமா எங்கள் இருவரையும் படத்துக்கு அழைத்துப்போனார். கிணற்றுக் காட்சி வந்தது. காற்றில் பாய்ந்தது அத்தையின் முதுகு. தண்ணீரிலிருந்து எழுந்தது கதாநாயகியின் முகம். கொட்டகை முழுக்க விசில்.

"என்னா தைரியம் பாரு அந்தப் புள்ளைக்கு!" என்றார் மாமா.

"ஆமாங்க," என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். அத்தை என் கையை அழுத்திப் பிடித்தாள். பிறகு குனிந்து, என் காதோடு கேட்டாள்: "கால் நேரா இருந்துச்சா, சாமி?"

உண்மையைச் சொல்லாத அத்தையின் மேல் எனக்குக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் இன்னொரு முறையும் கேட்டாள்.

இப்போது அந்தப் படம் செல்போனிலேயே கிடைக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். கால்கள் நேராகத்தான் இருக்கின்றன. அத்தனை கூட்டத்தில் அதை அவளுக்குச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.