முப்பது கிலோமீட்டர்

எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிலோமீட்டர் என்றுதான் சொல்வோம். எந்த இரண்டு விமான நிலையங்களைக் கேட்டாலும், நடுவில் எவ்வளவு தூரம் என்று டீயை உறிஞ்சிக்கொண்டே ஒப்பிப்பார். நாம் சந்தேகமாகப் பார்த்தால் இரண்டின் குறியீட்டையும் கணினியில் தட்டி, திரையை நம் பக்கம் திருப்பிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தத் தலைக்கனத்தை நாங்களும் சேர்ந்துதான் ஊட்டி வளர்த்தோம்.

அவருடைய அக்கா மகளுக்கு வெளிநாட்டில் வேலை, அங்கேயே பதிவுத் திருமணம். புருஷன் போன பிறகு அக்காவுக்கு அந்த ஒரே பெண்தான் உலகம். டிக்கெட் வாங்க அலுவலகத்துக்கே வந்திருந்தாள். "எந்தம்பி போட்டுக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு ஏறிடுவேன்" என்று எங்களிடம் ஒரே பெருமை.

வழியில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். அந்த ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டும். கிலோமீட்டர் கணினியில் தட்டினார். முப்பது கிலோமீட்டர் என்று வந்தது.

"டாக்சியில முக்கால் மணி நேரம்க்கா. நடுவுல மூணு மணி நேரம் இருக்கு. ஒரு தூக்கம் போட்டுட்டே போகலாம்."

"அண்ணே, எதுக்கும் ரோட்டு வழிய ஒரு தடவ பாத்துடலாமே" என்றேன், பக்கத்து மேஜையிலிருந்து.

"நேத்து வேலைக்கு வந்தவன் எனக்கு வழி சொல்றியா?"

அக்கா சிரித்தாள். நான் என் வேலைக்குத் திரும்பினேன்.

கணினி சொன்னது பறப்பதற்கான தூரம். காலமெல்லாம் விமானத்துக்கே கணக்குப் போட்ட மனிதருக்கு, அக்கா தரையில் போகிறாள் என்பது உறைக்கவே இல்லை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே கடல் உள்ளே புகுந்து கிடந்தது. பாலம் கிடையாது. சாலை கரையை முழுக்கச் சுற்றிக்கொண்டு போனது. டாக்சி போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

அங்கிருந்தே அக்கா அவரைப் போனில் கூப்பிட்டாள். "முப்பது கிலோமீட்டர்னு சொன்னியேடா" என்று அவள் அழுதது என் மேஜை வரைக்கும் கேட்டது. அடுத்த விமானத்தில் அவள் போய் இறங்கியபோது கையெழுத்தெல்லாம் முடிந்திருந்தது. பதிவு அலுவலகம் கொடுத்த நேரத்தைத் தள்ளிப்போட முடியவில்லை.

அதற்குப் பிறகு கிலோமீட்டர் தலை நிமிரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ தூரம் கேட்டார். "தெரியலைங்க, பாத்துத்தான் சொல்லணும்" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே அக்கா மகள் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் அக்கா.

"அம்மா வந்து சேந்துட்டாங்க மாமா. வழியில ஏதோ விபத்தாம், ரோட்டையே அடைச்சுட்டாங்களாம். நீங்க பாத்துப் பாத்து டிக்கெட் போட்டும் இப்படி ஆயிடுச்சேன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழறாங்க. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க மாமா."

கிலோமீட்டர் என்னைப் பார்த்தார். எனக்கே கூச்சமாகிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையில் அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "விபத்துக்கு நாம என்ன பண்ண முடியும்?"

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.